மூடியாச்சு... முடியலையே!

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் மண்டையில் ஏறியிருக்கும். ஒரு கணக்கை மூடுவதென்றால் இருப்பு பூஜ்யமாக வேண்டும். பாக்கி ஏதாவது நின்றால் அடுத்த வருஷத்து நோட்டுக்குக் கொண்டுபோய் எழுதணும். 'மூடிவிட்டேன்' என்று கோடு போட்டுவிட்டு எழுந்து போக முடியாது. அமெரிக்க அரசுக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை போலிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் ட்ரேசி என்றொரு ஊர். அதன் பக்கத்து மலைக்குன்றுகளில், லாரன்ஸ் லிவர்மோர் அணு ஆயுத ஆய்வுக்கூடம் 1955-ல் ஒரு வெடி சோதனைத் திடலை அமைத்தது. சுமார் 7,000 ஏக்கர். பெயர் 'சைட் 300'. (பார் சோப்புக்கு வைத்த நம்பர் மாதிரி இல்லை?)

அணுகுண்டு வெடிக்க வேண்டுமானால் முதலில் அதற்குள் இருக்கும் சாதாரண வெடிமருந்து பிசகாமல் வெடிக்கணும். அதைத்தான் இங்கே சோதித்தார்கள். நிஜ குண்டின் சரக்குக்குப் பதிலாகக் கழிவு யுரேனியம், சில சோதனைகளில் கூடவே ட்ரிட்டியம். சரளைக்கல் பரப்பிய மேடையில் வைத்து வெடிப்பார்கள். பிறகு அந்தச் சரளையை வாரிக்கொண்டுபோய்ப் பக்கத்துக் குழியில் கொட்டுவார்கள். குழிக்கு அடியில் விரிப்போ தடுப்போ எதுவும் கிடையாது. வெறும் மண். 1950களின் கடைசியில் ஆரம்பித்து 1988 வரை இப்படித்தான்.

1990-ல் அந்த இடம் நாட்டின் மிக மோசமான கழிவு இடங்களின் பட்டியலில், அதாவது 'சூப்பர்ஃபண்ட்' பட்டியலில் ஏறியது. 1992-93-ல் ஒன்றாம் குழியும் ஏழாம் குழியும் சட்டப்படி மூடப்பட்டன. மேலே களிமண் அடுக்கு, அதற்கு மேல் மண், புல். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது என்று ஏற்பாடு.

இறங்கவில்லை, சரி. கீழேயிருந்து ஏறியதே!

1997-98-ல் எல் நினோ மழை கொட்டியது. நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்து, ஏழாம் குழி இருக்கும் வரிசையில் குழிகளின் அடிவயிற்றைத் தொட்டது. உள்ளே கிடந்த ட்ரிட்டியத்தையும் யுரேனியத்தையும் கரைத்துக்கொண்டு போனது. ட்ரிட்டியம் குடிநீருக்கான எல்லையைப் பல மடங்கு தாண்டியது. மூடி மட்டும் மேலே ஜம்மென்று இருந்தது. மழைநீரைச் சுற்றிவிட்டு வெளியேற்றும் வடிகாலை அதற்கப்புறம் பத்து வருஷம் கழித்துத்தான் கட்டினார்கள். ஓட்டை வாளிக்கு மூடி செய்து பெருமைப்பட்ட கதைதான்.

ட்ரிட்டியம் பொல்லாதது. அது ஹைட்ரஜனின் ஒரு வடிவம். தண்ணீரோடு கலப்பதில்லை, தண்ணீராகவே ஆகிவிடுகிறது. நீரை இறைத்து வடிகட்டி யுரேனியத்தைப் பிடித்துவிடலாம். ட்ரிட்டியத்தைப் பிடிக்க நடைமுறையில் வழியில்லை. அதனால் வடிகட்டிய தண்ணீரைத் திரும்ப அதே மண்ணுக்குள் விட்டு, தானாகக் கரையட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தேய்மானக் கணக்கு ஞாபகம் வருகிறது. ட்ரிட்டியம் 12.3 வருஷத்துக்கொரு முறை பாதியாகும். பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதற்கு 123 வருஷம். சரி, பேரன் காலத்தில் தீர்ந்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். யுரேனியம் பாதியாக 450 கோடி வருஷம். சட்டம் கேட்கிற கண்காணிப்பு எவ்வளவு தெரியுமா? குழியை மூடிய பிறகு 30 வருஷம். அதிகாரிகள் நினைத்தால் நீட்டலாம், குறைக்கவும் செய்யலாம். அந்த முப்பது என்கிற எண்ணுக்கும் குழிக்குள் கிடப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அது வீட்டுக்கடன் தவணைக்காலம் மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. தனியார் கம்பெனி கழிவுக்குழி வைத்திருந்தால், மூடுவதற்கும் பிறகு பராமரிப்பதற்கும் பணம் இருக்கிறதென்று முன்கூட்டியே உத்தரவாதம் காட்டணும். அரசாங்கத்துக்கு மட்டும் விலக்கு! அரசு திவாலாகாது என்பது வாதம். திவாலாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருஷா வருஷம் காங்கிரஸ் ஒதுக்குகிற பணத்தில்தான் இந்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. ஒரு வருஷம் கை இறுகினால்? குழி காத்திருக்குமா?

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் நமக்குத் தெரிவது அவர்களே வெளியிடுகிற அறிக்கைகளால்தான். எந்தக் கிணற்றில் எவ்வளவு என்று அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவில்லை. பூசணிக்காயை எடை போட்டு, எழுதி வைத்து, சோற்றுக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். தோண்டி எடுத்துவிடலாமே என்றால், தோண்டுகிற தொழிலாளிக்கு ஆபத்து, தூசி கிளம்பும், வேறு ஏதோ ஒரு ஊர்க்காரர் தலையில் கொட்டணும். இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். அங்கேயே விடுவது சில குழிகளுக்குச் சரியான முடிவாகவும் இருக்கலாம். அப்படியானால் அதற்குப் பெயர் மூடுவதல்ல, காவல் இருப்பது. காவலுக்குச் சம்பளமும் காலமும் சரக்கைப் பார்த்து எழுதணும், காலண்டரைப் பார்த்து அல்ல.

இதற்கிடையே ட்ரேசி வளர்ந்து குன்றுகளை நோக்கி வந்துவிட்டது. புது வீடுகள், குழந்தைகள், சைக்கிள். 2018-ல் அதே திடலில் திறந்தவெளியில் ஒரு நாளைக்கு வெடிக்கும் அளவை 100 பவுண்டிலிருந்து 1,000 பவுண்டாக உயர்த்த ஒரு திட்ட அறிக்கை வந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். பழைய சரளையே இன்னும் குழிக்குள் கிடக்கிறதே என்று அவர்கள் கேட்பதில் என்ன தப்பு?