ஏதாவது ஒரு கீயை அமுக்கவும்

'கீபோர்டு இல்லை. தொடர எஃப்1-ஐ அமுக்கவும்.'

பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், இங்கிலீஷில், இதை ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். கீபோர்டே இல்லையாம், அப்புறம் எஃப்1-ஐ எங்கே போய் அமுக்குவதாம் என்று சிரித்தும் இருப்பீர்கள். எழுதின இன்ஜினீயருக்காக ஒரு வார்த்தை: 'கழன்றிருக்கிற ஒயரை முதலில் சொருகு, பிறகு அமுக்கு' என்பதுதான் அவர் மனசில் இருந்தது. பாதி வாக்கியத்தை முழுங்கிவிட்டார்.

இந்த வாரம் விமரிசனம். புத்தகத்துக்கோ சினிமாவுக்கோ இல்லை. கம்ப்யூட்டர் கிளம்புவதற்கும் நம்மை உள்ளே விடுவதற்கும் நடுவே திரையில் வருமே, அந்த வாசகங்களுக்கு. பல கோடிப் பேர் படித்த உரைநடை அது. எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பத்திரிகையும் அதற்கு மதிப்புரை போட்டதாக நான் பார்த்ததில்லை.

என்னிடம் மூன்று கேள்விகள்தான். என்ன ஆச்சு? யார் தப்பு? அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்? நல்ல வாசகம் மூன்றுக்கும் பதில் சொல்லும்.

'நான் சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பது தடவை, முந்தின நாள் ஃப்ளாப்பியை டிரைவிலேயே மறந்துவிட்டோம் என்பதுதான் அதற்கு அர்த்தம். 'ஃப்ளாப்பியை எடுத்துடுங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல், 'டிஸ்க்கை மாற்றி, ஏதாவது ஒரு கீயை அமுக்கு' என்றது. அந்த 'எனி கீ' எங்கே இருக்கிறது என்று கீபோர்டு முழுக்கத் தேடியவர்கள் உண்டு. சிரிக்காதீர்கள், அவர்கள் எழுதியிருந்ததை நம்பினவர்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் பாஸ் மார்க்.

விண்டோஸ் 95, 98 காலத்தில் 'இந்த புரோகிராம் இல்லீகல் ஆபரேஷன் செய்துவிட்டது' என்று ஒரு பெட்டி வரும். தொடக்கூடாத மெமரியை ஒரு புரோகிராம் தொட்டுவிட்டது, அவ்வளவுதான். ஆனால் 'இல்லீகல்' என்று படித்ததும் போலீஸ் வருமோ என்று நடுங்கிய பெரியவர்கள் இருந்தார்கள். இரண்டாவது கேள்வியில் ஃபெயில். 2001-ல் வந்த எக்ஸ்பியில் இதே பெட்டி 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொண்டது. 

மூன்றிலும் தேறிய வாசகம் என்று நான் ஒன்றுக்குத்தான் பரிசு தருவேன். 98-ல் ஷட்டவுன் செய்ததும் கறுப்பில் ஆரஞ்சு எழுத்தில் வரும்: 'இப்போது கம்ப்யூட்டரை அணைத்தால் பாதுகாப்பு.' வேலை முடிந்தது, தப்பு எதுவுமில்லை, சுவிட்சை அணை. வீட்டுப் பெரியவர் ராத்திரி கதவைத் தாழ் போட்டுவிட்டு 'போய்ப் படு' என்பது மாதிரி. 

லாகின் கதை தனி. 98-ல் பேர், பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வரும். தெரியாவிட்டால் எஸ்கேப் கீயை அமுக்குங்கள், உள்ளே போய்விடலாம்! அது நெட்வொர்க்குக்கும், யாருக்கு எந்த வால்பேப்பர் என்று தெரிந்துகொள்வதற்கும் வைத்த பெட்டி. பூட்டே இல்லை. ஆனால் பூட்டு மாதிரி வேஷம் போட்டதால், பாஸ்வேர்டு மறந்துபோனதென்று கடைக்காரரைக் கூப்பிட்டு 200 ரூபாய் அழுதவர்கள் எத்தனையோ.

இதற்கு நேர் எதிர் என்.டி. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அமுக்கினால்தான் லாகின் பெட்டியே வரும். ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டர் 1981-ல் வந்தபோது, மிஷினைத் திரும்பக் கிளப்ப டேவிட் பிராட்லி என்ற இன்ஜினீயர் யோசித்த கூட்டணி அது. தான் கண்டுபிடித்தாலும் அதைப் பிரபலமாக்கியது பில் கேட்ஸ்தான் என்று, 2001-ல் கேட்ஸை மேடையில் வைத்துக்கொண்டே சொன்னார் மனிதர். அதையே லாகினுக்கு வைத்ததில் காரணம் உண்டு. சாதாரண புரோகிராம் எதுவும் அந்த மூன்று கீயை இடைமறிக்க முடியாது. அதனால் போலிப் பெட்டி காட்டி பாஸ்வேர்டைத் திருட வழியில்லை. நல்ல யோசனை. ஆனால் ஒரு வரியில் அதை மனசில் பதிகிற மாதிரி சொல்லத் தெரியவில்லை.

இதெல்லாம் வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்தது, 2009-ல் எங்கள் ஃப்ளாட்டில் கீழ்வீட்டு டீச்சர் வந்து கதவைத் தட்டும் வரை. ரிடையரான தமிழ் டீச்சர். கணவர் போய் நாற்பது நாள். அவர் உபயோகித்த கம்ப்யூட்டர், எக்ஸ்பி ஹோம் போட்ட அசெம்பிள்டு மிஷின். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான்.

"தம்பி, நான் ஆன் பண்ணதும் ஏதோ மிஸ்ஸிங்னு வந்துடுச்சு. ஏதாவது அழிச்சுட்டேனோ?"

போய்ப் பார்த்தேன். 'என்.டி.எல்.டி.ஆர். இஸ் மிஸ்ஸிங்.' விண்டோஸை எழுப்பிவிடுகிற சின்ன ஃபைலின் பெயர் அது. இந்த மாதிரி வந்தால் முதலில் டிஸ்க்கை சந்தேகப்படாதீர்கள், கேபினெட்டைச் சுற்றிப் பாருங்கள். பின்பக்கம் ஒரு பென் டிரைவ் சொருகியபடியே இருந்தது. மிஷின் ஹார்டு டிஸ்க்குக்கு முன்னால் அதைப் போய்ப் பார்த்திருக்கிறது. விண்டோஸ் அதில் இல்லை. 'காணவில்லை' என்று அலறிவிட்டது. எங்கே தேடினேன் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அந்த அம்மா ராத்திரி பூராவும் தூங்காமல் இருந்திருக்க மாட்டார். டெஸ்க்டாப்புக்குத் தமிழ் முகம் மாட்ட எக்ஸ்பியில் வழி இருந்தது. ஆனால் கிளம்பாத மிஷின் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான், அதுவும் சுருக்கெழுத்தில்.

பென் டிரைவை எடுத்தேன். எக்ஸ்பி வந்தது. மஞ்சள் ரப்பர் வாத்துப் படத்துக்குப் பக்கத்தில் அவர் பெயர். கீழே பாஸ்வேர்டு கேட்டது.

டீச்சருக்குத் தெரியாது. பக்கத்தில் கேள்விக்குறி இருந்தது. க்ளிக் செய்தால், மறந்துபோகாமல் இருக்க நாமே எழுதிவைத்த குறிப்பு வரும். வந்தது: 'வழக்கமானது'.

இங்கிலீஷ் எழுத்தில் டைப் செய்த ஒரே ஒரு தமிழ் வார்த்தை. கல்யாண நாள், பையன் பெயர், ஊர்ப் பெயர், பழைய ஸ்கூட்டர் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தோம். எதுவும் இல்லை.

அப்புறம் நான் செய்தது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. ரீஸ்டார்ட், எஃப்8, சேஃப் மோட். எக்ஸ்பி ஹோமில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஓர் ஒளிந்த ஆசாமி உண்டு. சேஃப் மோடில் மட்டும் தலை காட்டுவார். பெரும்பாலான வீடுகளில் அவருக்கு பாஸ்வேர்டே இருக்காது. உள்ளே போய், யூஸர் அக்கவுன்ட்ஸில் பழைய பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன். பத்து நிமிஷ வேலை. படங்கள் அத்தனையும் கிடைத்தன. 

பூட்டு என்று பார்த்தால் படு மோசம். என் மாதிரி எவனும் நுழையலாம். விமரிசகனாக அதைக் கண்டிக்க வேண்டும். அன்றைக்குக் கண்டிக்கத் தோன்றவில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். வாசகங்கள் பணிவானவை. 2012-ல் விண்டோஸ் 8 நீலத் திரையில் ஒரு சோக முகமே போட்டது (2025-ல் விண்டோஸ் 11 திரையைக் கறுப்பாக்கி, முகத்தையும் எடுத்துவிட்டது). ஆனால் கதவு இரும்பு. புது லேப்டாப்களில் டிஸ்க்கே பூட்டெழுத்தில் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு மிஷினில் மாட்டினாலும் 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் ஓர் எழுத்து படிக்க முடியாது. 2024 ஜூலை 19-ம் தேதி, க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மிஷின்கள் நீலத் திரையில் விழுந்தன. நம் ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல இடங்களில் வைத்தியம் அதே பழைய சேஃப் மோட், ஒரு ஃபைலை அழி, அவ்வளவுதான். ஆனால் சேஃப் மோடுக்குப் போகவே அந்த 48 இலக்கத்தைத் தேடி அலைந்தன கம்பெனிகள்.

திருடனுக்கு மூடிய கதவு வீட்டுக்காரிக்கும் மூடியிருக்கிறது. திருடனைப் பற்றி நிறைய யோசித்தவர்கள் கீழ்வீட்டு டீச்சரைப் பற்றிக் கொஞ்சம்தான் யோசித்தார்கள் என்பது என் புகார். அவர்கள் யோசிக்கும் வரை நாம் யோசிக்கலாம். எல்.ஐ.சி. பாலிசி நம்பர் எழுதியிருக்கிற அதே நோட்டில் லாகின் பெயர், பாஸ்வேர்டு, அந்த 48 இலக்கம் மூன்றையும் இன்றைக்கே எழுதி, நோட்டு இருக்குமிடத்தை வீட்டில் ஒருத்தருக்காவது சொல்லிவையுங்கள். கூகுளில் 2013 முதல், ஆப்பிளில் 2021 முதல், நமக்குப் பின் யார் திறக்கலாம் என்று பெயர் கொடுக்க வசதி இருக்கிறது. கொடுத்துவிடுங்கள். ஹின்ட் எழுதும்போது, அதை இன்னொருத்தர் படிக்க நேரலாம் என்று நினைத்து எழுதுங்கள்.

படங்களை சி.டி.யில் போட்டுக் கொடுத்தபோது டீச்சர் கேட்டார்:

"எடுத்துட்டீங்க சரி தம்பி. அந்தப் பாஸ்வேர்டு என்னன்னு பார்க்க முடியாதா?"

முடியாது என்றேன். எடுக்கத்தான் முடியும், படிக்க முடியாது.

இன்றைக்கும் மாடிப்படியில் பார்த்தால் சில சமயம் கேட்பார். "வழக்கமானதுன்னா என்னவா இருக்கும், தம்பி?"