கடலை வேகுது: மாட்டுக்கறி, அடுக்களை, கிசும்பு

1

மாட்டுக்கறி குறித்துத் தமிழில் கடந்த முப்பது ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகள், துண்டறிக்கைகள், கவிதைகள் ஆகியவற்றில் என் கைக்குக் கிடைத்தவற்றை ஒருசேர வைத்துப் படித்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. அவற்றில் சிரிப்பே இல்லை. தடை கேட்கிறவர்கள் பக்தியில் விறைத்திருக்கிறார்கள் என்றால், தின்பது எங்கள் உரிமை என்கிற நாமும் முஷ்டியை உயர்த்தியபடி அதே விறைப்பில்தான் நிற்கிறோம். இந்த இரண்டு விறைப்புக்கும் நடுவே ஏதோ ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை கறி வேகிறது. ஒருத்தி வெங்காயம் உரிக்கிறாள், ஒருத்தர் கிண்டலடிக்கிறார், பிள்ளைகள் அடுப்பைச் சுற்றிச்சுற்றி வருகிறார்கள். அந்த வீடு நமது சொல்லாடலுக்குள் வரவேயில்லை. ஏன் வரவில்லை, வராததால் நாம் எதை இழந்தோம் என்பதுதான் இங்கே பேச எடுத்துக்கொண்டது.

1990களின் தலித் விவாதங்கள் செய்த காரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ராஜ் கௌதமனின் ‘தலித் பண்பாடு’ (1993), எது இழிவென்று ஒதுக்கப்பட்டதோ அதையே எதிர்ப்பண்பாட்டின் கூறாக எடுத்து நிறுத்தச் சொன்னது. அதற்கு வெகுமுன்பே, 1948இல், அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றத்தை மாட்டிறைச்சியோடும் பௌத்தத்தோடும் சேர்த்துவைத்து விளக்கியிருந்தார். அதே அம்பேத்கர் 1927இல் மகாடில், செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள் என்று மகர்களிடம் சொன்னார். செத்த மாட்டைத் தின்னவைத்த கட்டாயம் வேறு, அறுத்த கறியை விரும்பி வாங்கிச் சமைப்பது வேறு. இந்த வேறுபாட்டை அறியாதவர்கள்தான் ‘அம்பேத்கரே விடச் சொன்னாரே’ என்று நமக்கு வந்து பாடம் எடுக்கிறார்கள்.

ஆக, மாட்டுக்கறி மேடைக்கு வந்தது தேவையாகத்தான் இருந்தது. ஆனால் மேடைக்கு வந்த மாட்டுக்கறியில் உப்பும் இல்லை, காரமும் இல்லை. அது குறியீடாகிவிட்டது. குறியீட்டை யாரும் வேகவைக்க வேண்டியதில்லை.

2

வேகவைக்க வேண்டியது வீட்டில். ஆட்டுக்கறிக்கு நாலைந்து விசில் போதும் என்கிற குக்கரில் மாட்டுக்கறிக்கு எட்டு, பத்து என்று போகும். அது முரட்டுக்கறி, அப்படித்தான் என்பார்கள். பாதி உண்மை. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் லாயக்கில்லாமல் போன மாடு, அல்லது நிரந்தரமாக முடங்கிப்போன மாடு என்று அதிகாரி சான்றிதழ் தந்தால்தான் அறுக்க முடியும். ஏர் இழுத்து, வண்டி இழுத்து ஓய்ந்த தசைதான் நம் சட்டிக்கு வர வேண்டும் என்பது சட்டம். எங்கள் வீட்டு விசிலின் எண்ணிக்கையைத் தீர்மானித்ததில் சட்டமன்றத்துக்கும் பங்கு உண்டு. அதிகாரம் உடலின்மீது எழுதப்படுகிறது என்பார்கள் ஃபூக்கோவைப் படித்த தோழர்கள். எங்கம்மாவுக்கு அது பல்லால் தெரியும்.

அந்த முரட்டுத்தனத்தோடு பேசிப்பேசி வழிக்குக் கொண்டுவருவதுதான் சமையல். கறியைச் சின்னச்சின்னதாக அரிய வேண்டும். மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது போட்டுப் பிசறி ஊறவிட வேண்டும். பச்சைப் பப்பாளிக்காய் கிடைத்தால் ஒரு துண்டு அரைத்துச் சேர்க்கலாம். அதன் பாலில் இருக்கிற பப்பைன் என்னும் நொதி தசைநாரை இளக்கிவிடும். குக்கர் இல்லாத காலத்தில் சட்டிக்குள் கொட்டாங்கச்சித் துண்டு ஒன்றைப் போடுவார்கள். அதனால் கறி வெந்ததோ இல்லையோ, ‘ஓடு வெந்தாத்தான் கறி வெந்துச்சின்னு அர்த்தம்’ என்று பிள்ளைகளைக் காக்கவைக்க அது உதவியது. கொழுப்புத் துண்டை முதலில் போட்டால் அதுவே உருகிவிடும், எண்ணெய்ச் செலவு மிச்சம். மிஞ்சின கறி உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் உப்புக்கண்டமாகக் காயும். காக்கை விரட்டக் கம்போடு உட்காரவைக்கப்பட்ட பிள்ளை காக்கையைவிட அதிகம் தின்னும்.

கடையிலிருந்து கறி வீட்டுக்கு வருகிற வழியிலும் ஒரு அரசியல் இருக்கிறது: கறுப்புக் கவர். தமிழ்ச் சமூகம் மூன்று பொருள்களைக் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுக்கிறது. மாதவிடாய் நாப்கின், பிராந்தி பாட்டில், மாட்டுக்கறி. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. கறுப்புக் கவருக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. மறைப்பதற்குத்தான் கறுப்பு என்கிறார்கள். ஆனால் தெருவில் கறுப்புக் கவரோடு ஒருத்தர் நடந்தால் உள்ளே இருப்பது இந்த மூன்றில் ஒன்று என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. மறைக்கிற பொருளே காட்டிக்கொடுக்கிறது.

3

நகரத்தில் வாடகைக்கு வீடு தேடிய எவருக்கும் ‘நீங்க வெஜ்ஜா?’ என்கிற கேள்வி பழக்கம். அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி இல்லை என்பதும் தெரியும். நாங்கள் குடியிருந்த ஒரு வீட்டில் கீழே வீட்டுக்காரம்மா, மாடியில் நாங்கள். அந்தம்மாவும் கறி தின்கிறவர்தான், கோழி ஆடு வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் குக்கர் அடிக்கிற விசிலை அவர் எண்ணியிருக்கிறார். ஒருநாள் மாடிப்படியில் அம்மாவை நிறுத்திவிட்டார்.

‘என்னங்க, இத்தனை விசில் விடுறீங்க, அப்படி என்ன வேகுது?’

‘கடலைங்க. கொண்டக்கடலை. ஊறப்போட மறந்துட்டேன்.’

‘ஞாயித்துக்கிழமை ஆனா கடலைதானா?’

‘பிள்ளைக்குக் கடலைன்னா உசுருங்க.’

‘கடலைக்குப் பட்டை, சோம்பெல்லாம் போடுவீங்களோ?’

‘வாயு பாருங்க, அதான்.’

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாட்டுக்கறிக்குப் பெயர் கடலை. மாமா ஊரிலிருந்து வந்தால், ‘அரைக் கிலோ கடலை வாங்கியாரட்டா, நெஞ்சுக் கடலையா பாத்து?’ என்பார். பல்லிடுக்கில் நார் சிக்கினால், ‘பேரே மாட்டுக்கறி, மாட்டத்தானே செய்யும்’ என்பதும் அவர்தான். மூன்றாம் மாதம் வீட்டுக்காரம்மா, மகள் குடிவரப் போகிறாள் என்று எங்களைக் காலி செய்யச் சொன்னார். சாமான் ஏற்றும்போது அம்மா குக்கரைக் காட்டி, ‘கடலைய மறந்துடாத’ என்றார். எல்லாரும் சிரித்தோம். வீடு போனது போனதுதான்.

இந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதில் எள்ளலைப் பேராசிரியர் உரை இரண்டாகப் பிரிக்கும். பிறரைத் தான் எள்ளி நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவது மற்றொன்று. எம்.ஏ. தேர்வுக்குப் படிக்கும்போது இரண்டாவதை வெறும் வகைப்பாடாகக் கடந்துபோய்விடுகிறார்கள். கடலைக் கதைக்கு அதுதான் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. முழுசாகப் பொருந்தவில்லை. அம்மா சொன்னது பொய். அது பொய் என்று வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். பயமும் துடுக்கும் ஒரே வாயிலிருந்து வருகிற இந்தப் பேச்சுக்கு இலக்கணத்தில் பெயர் இல்லை. வழக்கில் இருக்கிறது. அதைப் புத்தகத்தின் தலைப்பில் ஏற்றியவர் பாமா: கிசும்பு.

‘கிசும்புக்காரன்’ தொகுப்பு 1996இல் வந்தது. ‘கருக்கு’வுக்குக் (1992) கிடைத்த விமர்சன கவனம் அதற்குக் கிடைக்கவில்லை. வலியை எழுதினால் நமக்கு விமர்சிக்கத் தெரிகிறது. கிசும்பை எழுதினால் ‘கிராமத்து நகைச்சுவை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தத் தொகுப்பின் ‘அண்ணாச்சி’ கதையில், மேல்சாதிக்காரரைப் பார்த்துச் சொன்ன ஒரு உறவுச்சொல்லே போதுமானதாக இருக்கிறது ஊரைக் கலங்கடிக்க. கோஷம் எதுவும் தேவைப்படவில்லை.

4

பின்நவீனத்துவம் பேசியபோது பக்தினை நாம் நிறையவே மேற்கோள் காட்டினோம். கார்னிவல், தலைகீழாக்கம், சிரிப்பின் கலகம் எல்லாம் அவருடைய ரபேலே நூலிலிருந்து வந்தவை. அந்த நூலில் அவர் விரிவாகப் பேசுகிற ஒரு பொருள் மாட்டுக் குடல். ரபேலேயின் ‘கார்கன்துவா’வில் (1534) 3,67,014 மாடுகளை அறுக்கிறார்கள். குடல் கெட்டுப்போய்விடும் என்று ஊரைக் கூட்டித் தின்று தீர்க்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சியான கார்கமெல், புருஷன் எச்சரித்தும் கேட்காமல் அளவுக்கு மீறித் தின்கிறாள். அந்த விருந்து நாளிலேயே கார்கன்துவா பிறக்கிறான். தின்னும் வயிறு, தின்னப்படும் வயிறு, பெறும் வயிறு மூன்றும் ஒன்றாகும் இடமாகப் பக்தின் அதை வாசிக்கிறார். நாமோ தெருமுனையில் மாலை நேரத்தில் போட்டி வறுக்கிற கடையைத் தாண்டிப்போய், நூலகத்தில் உட்கார்ந்து கார்னிவலைத் தேடிக்கொண்டிருந்தோம்.

எல்லாச் சிரிப்பும் ஒன்றாகிவிடாது. ‘ரன்’ (2002) படத்தில் விவேக் தின்கிற காக்கா பிரியாணிக்கும் தமிழ்நாடு சிரித்தது. அது மலிவாக விற்கிறவரையும் மலிவாக வாங்கித் தின்கிறவரையும் பார்த்துச் சிரித்த சிரிப்பு. பேராசிரியர் சொன்ன முதல்வகை எள்ளல். 2018 நவம்பரில் ஜோத்பூர் ரயிலில் வந்த இறைச்சி எழும்பூரில் பிடிபட்டபோது நாய்க்கறி என்று ஊரே கேலி பேசியது. பரிசோதனையில் அது ஆட்டுக்கறி என்று வந்தது. முடிவு வருவதற்குள் பழி விழுந்தாகிவிட்டது. தின்பவர்களே சிரிப்பது வேறு, தின்பவர்களைப் பார்த்துச் சிரிப்பது வேறு.

கிசும்புக்கும் ஒரு எல்லை இருக்கிறது. 2015 செப்டம்பர் 28 அன்று உத்தரப் பிரதேசத்தில் தாத்ரி அருகே ஒரு கிராமத்தில், வீட்டில் மாட்டுக்கறி வைத்திருக்கிறார் என்ற வதந்தியின் பேரில் முகமது அக்லாக் அடித்துக் கொல்லப்பட்டார். கறியின் மாதிரியைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ‘கடலைங்க’ என்று சொல்ல இடமே இல்லை. 2017 மே மாதம், சந்தையில் அறுப்புக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தது. சென்னை ஐஐடியில் மாணவர்கள் மாட்டுக்கறி விருந்து வைத்தார்கள். அதில் கலந்துகொண்ட ஒருவர் மே 30 அன்று தாக்கப்பட்டுக் கண்ணில் காயம்பட்டார். அதே நாளில்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கிசும்பு வேலை செய்வதற்கு, எதிரில் இருப்பவர் மாடிப்படியில் நின்று கேள்வி கேட்கிற அளவுக்காவது சமூகம் மிச்சமிருக்க வேண்டும். கம்போடு வருகிறவனிடம் கிசும்பு செல்லாது. சட்டமும் போராட்டமும் அந்த மாடிப்படியைக் காப்பாற்றுவதற்காக. அதனால்தான் நான் மேடையை வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடை எதைக் காப்பாற்றப் போடப்பட்டதோ அதை மறந்துவிட்டது என்கிறேன்.

5

மறந்ததில் முதலாவது, சமைக்கிறவள். மாட்டுக்கறி விருந்துகளைப் பற்றிய நம் அறிக்கைகளில் யார் பேசினார்கள் என்று இருக்கும். யார் சமைத்தார்கள் என்று இருக்காது. வீட்டிலும் கதை வேறு மாதிரி இல்லை. நல்ல துண்டெல்லாம் ஆண்களின் தட்டுக்குப் போகும். எல்லா வீட்டிலும் ஒரு அம்மாவுக்கு எலும்புதான் ‘பிடிக்கும்’. சாதியை எதிர்க்கிற கறி, கரண்டியைப் பிடித்த கையை எதிர்க்காமல் பார்த்துக்கொள்கிறது. மேடையில் நின்று பார்த்தால் இது கண்ணில் படாது. அடுக்களையில் நடக்கிற கிண்டலைக் காதுகொடுத்துக் கேட்டால் படும். ‘உங்கப்பாவுக்குப் போராட்டம் இருக்கு, கறியை நீயே அரிஞ்சிக்கோ’ என்பதெல்லாம் வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை.

இரண்டாவது, செய்முறை. மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. ஒரு சாதி வீட்டுப் பெண்கள் வாய்வழியாகக் கடத்திய அறிவு அச்சேறி, தமிழ்ச் சமையல் என்றே பெயர் வாங்கிவிட்டது. நான் புரட்டிப் பார்த்த தமிழ் அசைவச் சமையல் புத்தகங்களில் ஆடு, கோழி, மீன், நண்டு, காடை வரைக்கும் உண்டு. மாடு பொருளடக்கத்திலேயே இல்லை. மராட்டியத்தில் இந்த வேலை நடந்திருக்கிறது. 2009இல் புனே பல்கலைக்கழகத்தின் பெண்ணிய ஆய்வு மையத்தில் ஷர்மிளா ரெகேயும் மாணவர்களும் தலித் உணவு நினைவுகளைத் தொகுத்தார்கள். ஷாகு பட்டோளே 2015இல் மராத்வாடாவின் மகர், மாங் சாதியினரின் சமையலை நூலாக்கினார். ‘அன்னம் பூரண பிரம்மம்’ என்கிற மராத்திய வழக்கை எடுத்து, அன்னம் அபூரண பிரம்மம் என்று தலைப்பு வைத்தார். ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தார், அவ்வளவுதான். கிசும்பு என்றால் இதுதான்.

இங்கே என்ன நடந்தது? 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். நாமும் கண்டனம் எழுதினோம். ஆனால் ஆம்பூரில் ஒரு வீட்டில் மாட்டுக்கறி பிரியாணிக்குக் கறியை எந்தப் பதத்தில் இறக்கி அரிசியோடு சேர்க்கிறார்கள், அப்போது அங்கே யார் யாரைக் கிண்டலடிக்கிறார்கள் என்று எழுதி வைத்திருந்தோமா? தடை நீக்கப்பட வேண்டியது ஒரு உணவுக்கு என்றால், அந்த உணவு என்னவென்று நம்மிடம் பதிவு இருக்க வேண்டாமா?

எழுதுகிற தோழர்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டில், சேரியில், பள்ளிவாசல் தெருவில், கோயில்பிள்ளை குடும்பத்தில் இந்தக் கறிக்கு என்னென்ன பெயர்கள் இருக்கின்றன, எந்தப் பெயர் யாருக்குப் பயந்து வந்தது, எந்தப் பெயர் யாரைக் கேலிசெய்ய வந்தது என்று அம்மாக்களிடமும் அத்தைகளிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். கோட்பாட்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், கடைசியில் தூவுகிற கொத்தமல்லி மாதிரி. விசில் எத்தனை என்று மட்டும் போட மறந்துவிடாதீர்கள்.