கிடங்கில் கிடந்த இசை: அறுபதுகளின் கைவிடப்பட்ட இசைத்தட்டுகள்

1970-ஆம் ஆண்டின் இறுதியில் பிலிப்ஸ் நிறுவனம் லண்டனில் ‘ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. பாடல்களை எழுதிப் பாடியவர் வாஷ்டி பன்யன். 1968-இல் ஒரு குதிரை வண்டியில் லண்டனை விட்டுப் புறப்பட்டு, ஸ்காட்லாந்தின் வடமேற்குத் தீவுகளை நோக்கி, கிடைத்த வேலையைச் செய்து பிழைத்தபடி போனவர் அவர். அந்த வழியில் பிறந்த பாட்டுகள்தாம் இவை. ஜோ பாய்ட் தயாரித்தார். நிக் டிரேக்கின் பாடல்களுக்குத் தந்தி வாத்திய இசை அமைத்த ராபர்ட் கெர்பியும், இன்கிரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்டின் ராபின் வில்லியம்சனும் பங்கெடுத்தார்கள். தாலாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் மெல்லிய குரல். சில நூறு பிரதிகளே விற்றன. மனம் உடைந்த பன்யன் பாடுவதை விட்டுவிட்டார். பிள்ளைகளும் ஆடுமாடுகளுமாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் போயின. 1997-இல் இணையத்தில் தன் பெயரைத் தேடிப் பார்த்தபோதுதான், தன் இசைத்தட்டைச் சேகரிப்பாளர்கள் பெரிய விலை கொடுத்துத் தேடி வாங்குவது அவருக்குத் தெரியவந்தது. 2000-இல் மறுவெளியீடு வந்தது. 2005-இல் தன் இரண்டாவது இசைத்தட்டான ‘லுக்காஃப்டரிங்’கை வெளியிட்டார். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 35 ஆண்டுகள்.

இவ்வளவு நல்லபடியாக முடிந்த கதைகள் குறைவு. அறுபதுகளின் நாட்டார் இசை, ஜாஸ், சைக்கடெலிக் ராக், திரைப்பின்னணி இசை என்று எந்தப் பக்கம் போனாலும், இன்று பெருமதிப்போடு பேசப்படும் தட்டுகளில் பல, வெளியான ஓரிரு ஆண்டுகளிலேயே விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவை. ‘காலம் மறந்த இசை’ என்று அவற்றின் புதிய உறைகளில் அச்சிடுகிறார்கள். காலத்தின் மீது பழி போடுவது எளிது. அவற்றைக் கைவிட்டவர்கள் அவற்றுக்கு உரிமையாளர்களாக இருந்த நிறுவனங்கள். இந்தத் துறையை எங்கே தொட்டாலும் இந்த உண்மை கையில் தட்டுப்படுகிறது.

1967-இல் பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ வந்த பிறகு எது விற்கும் எது விற்காது என்பது பெரிய கம்பெனிகளுக்குப் புரியாமல் போனது. நீளமுடி வைத்த பையன்கள் யார் வந்தாலும் ஒப்பந்தம் போட்டார்கள். கொஞ்சம் பிரதிகள் அடித்தார்கள், விளம்பரத்துக்குச் செலவழிக்கவில்லை, விற்காததும் அடுத்த குழுவுக்குப் போனார்கள். அமெரிக்காவில் மிஞ்சிய தட்டுகளின் உறையில் ஒரு மூலையை வெட்டியோ துளையிட்டோ அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பிரிட்டனில் இன்னொரு வழக்கம் இருந்தது. நூறு பிரதிகளுக்குக் குறைவாக அடித்தால் கொள்முதல் வரி கிடையாது என்பதால், கல்லூரிக் குழுக்களும் நாட்டார் இசை மன்றங்களும் சொந்தக் காசில் 99 தட்டுகள் மட்டும் அடித்துக்கொண்டன. உலகத்திலேயே 99 இருந்த தட்டு, ஐம்பது ஆண்டுகளில் எத்தனையாகச் சுருங்கியிருக்கும்!

நான் அதிகம் மனம் தோய்ந்து கேட்டது ஜோ ஹாரியட்டை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பாய்ஸ் பள்ளியில் வளர்ந்து, அங்கேயே வாத்தியம் கற்று, 1951-இல் இங்கிலாந்துக்கு வந்த ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞர். 1960-இல் அவர் பதிவுசெய்த ‘ஃப்ரீ ஃபார்ம்’, கட்டிய மெட்டையும் சுரக்கட்டையும் விட்டு வெளியே வந்த ஜாஸ். அமெரிக்காவில் ஆர்னட் கோல்மன் அதே திசையில் போய்க்கொண்டிருந்ததால், ஹாரியட் அவரைப் பின்பற்றுபவர் என்று தள்ளியவர்கள் இருந்தார்கள். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்தத் தீர்ப்பு நிற்காது. கோல்மனிடம் ஓர் அழுகை உண்டு. ஹாரியட்டிடம் ஐந்து பேர் ஒருவரையொருவர் பேசவிட்டுக் கேட்கும் பொறுமை இருக்கிறது. மௌனத்துக்குக்கூட அதில் முறை வருகிறது.

அவரோடு சேர்ந்தவர் ஜான் மேயர். கல்கத்தாவில் ஆங்கிலோ இந்தியத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்து, உதவித்தொகையில் லண்டன் ராயல் இசைக் கழகத்துக்குப் போய், லண்டன் ஃபில்ஹார்மோனிக்கிலும் ராயல் ஃபில்ஹார்மோனிக்கிலும் வயலின் வாசித்தவர். லான்ஸ்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தின் தயாரிப்பாளர் டெனிஸ் பிரஸ்டன் இருவரையும் இணைத்தார். ஹாரியட்டின் ஐவர் குழு ஒரு பக்கம். சிதார், தபலா, தம்புரா, புல்லாங்குழல், மேயரின் வயலின் மறுபக்கம். 1965-இல் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த ‘இந்தோ ஜாஸ் சூட்’ இந்த இரட்டைக் குழுவின் முதல் தட்டு. பீட்டில்ஸ் ஒரே ஒரு பாட்டில் சிதாரைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் ராகத்தின் ஆரோகண அவரோகணத்தையே ஜாஸ் கலைஞர்களுக்குச் சட்டமாக வைத்துவிட்டார்கள். முழுக்க வெற்றி என்று சொல்லமாட்டேன். எழுதிவைத்த பகுதிகள் சில இடங்களில் விறைப்பாக இருக்கின்றன. ஆனால் ‘ராகா மேகா’வில் ஹாரியட் நுழையும் இடம் தனி. நம் மத்யமாவதிக்கு மிக நெருங்கிய சுரங்கள். அவற்றை விட்டு ஓர் அடிகூட வெளியே வைக்காமல், கிங்ஸ்டனின் தெருவையும் லண்டனின் குளிரையும் அதற்குள் கொண்டுவந்துவிடுகிறார்.

1969-இல் ஹாரியட், பம்பாயில் பிறந்த கோவாக்காரரான கிதார் கலைஞர் அமான்ஸியோ டி’சில்வாவோடு ‘ஹம் தோனோ’ செய்தார். நார்மா வின்ஸ்டன் சொற்களே இல்லாமல் பாடுகிறார். இயன் கார் டிரம்பெட். கலப்பிசை என்ற பெயரில் பின்னாளில் வந்த பெரும்பாலானவற்றை இந்த ஒரு தட்டுக்காகக் கொடுத்துவிடலாம். இங்கே யாரும் எதையும் எதோடும் கலக்க முயலவில்லை. நண்பர்கள் சேர்ந்து வாசிக்கிறார்கள். தட்டு விற்கவில்லை. ஹாரியட் 1973 ஜனவரி 2-ஆம் தேதி, 44 வயதில், புற்றுநோயால், கையில் காசில்லாமல் இறந்தார். பின்னாளில் ‘ஹம் தோனோ’வின் மூலப்பிரதி ஆயிரம் பவுண்டைத் தாண்டி விலைபோனது. அதில் ஒரு பென்னிகூட வாசித்தவர்களுக்குப் போவதில்லை. பழைய தட்டு கைமாறும்போது லாபம் விற்பவருக்கு மட்டுமே. டி’சில்வா 1972-இல் பதிவுசெய்த ‘கொங்கணி டான்ஸ்’ வெளியானது 2006-இல். அவர் இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே லான்ஸ்டவுன் கூடத்தில் பியானோ கலைஞர் மைக் டெய்லர் ‘பெண்டுலம்’, ‘ட்ரையோ’ என இரண்டே தட்டுகள் செய்தார். கிரீம் குழுவின் ‘வீல்ஸ் ஆஃப் ஃபயர்’ உலகமெங்கும் விற்றபோது, அதில் மூன்று பாடல்களுக்கு இசை அவருடையது என்பதைக் கவனித்தவர்கள் சிலரே. 1969 ஜனவரியில் தேம்ஸ் முகத்துவாரத்துக் கரையில் அவருடைய உடல் ஒதுங்கியது. 2002-இல் கில்ஸ் பீட்டர்சன் ‘இம்ப்ரெஸ்ட்’ என்ற தொகுப்பை வெளியிட்ட பிறகே பிரிட்டனின் இந்த ஜாஸ் தலைமுறை பக்கம் இளைஞர்கள் திரும்பினார்கள்.

இங்கே பம்பாயிலும் ஓர் உறவுத் தட்டு உண்டு. சங்கர்-ஜெய்கிஷன் 1968-இல் செய்த ‘ராகா ஜாஸ் ஸ்டைல்’. பதினோரு ராகங்கள், ரயீஸ் கானின் சிதார், மனோஹாரி சிங்கின் சாக்ஸபோன். திரைப்பாடல்களுக்குப் பின்னால் பெயரில்லாமல் வாசித்த கலைஞர்கள், பாடகர் யாருமின்றி முன்னால் வந்து நின்ற அபூர்வமான சந்தர்ப்பம்.

அமெரிக்காவுக்குப் போனால், காப் என்ற ஒரே நிறுவனத்திடம் இப்படி இரண்டு கதைகள் இருக்கின்றன. நியூயார்க்கின் ‘சில்வர் ஆப்பிள்ஸ்’ ஒரு டிரம் கலைஞரும், ஆசிலேட்டர்களைக் கைகளாலும் கால்களாலும் இயக்கிய சிமியன் காக்ஸும் மட்டுமே கொண்ட குழு. 1968-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் தட்டு, பின்னாளின் மின்னணு இசை முழுவதற்கும் முன்னோடி. இரண்டாவது தட்டின் உறையில் பான் ஆம் விமானத்தின் ஓட்டுநர் அறையையும், பின்பக்கம் விழுந்து நொறுங்கிய விமானத்தையும் போட்டார்கள். விமான நிறுவனம் வழக்குத் தொடுத்தது, குழு அழிந்தது. தொண்ணூறுகளில் ஜெர்மனியில் யாரோ அந்தத் தட்டுகளைத் திருட்டுத்தனமாக அச்சிட்டு விற்றார்கள். அந்தத் திருட்டுப் பதிப்பு வழியாகத்தான் புதிய ரசிகர்கள் உருவானார்கள். சிமியன் மீண்டும் மேடையேறினார்.

லிண்டா பெராக்ஸ் பெவர்லி ஹில்ஸில் ஒரு பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் பணியில் இருந்தவர். சிகிச்சைக்கு வந்த திரைப்பட இசையமைப்பாளர் லெனார்ட் ரோசன்மன் அவருடைய பாட்டுகளைக் கேட்டு, 1970-இல் ‘பாராலலோகிராம்ஸ்’ தட்டைத் தயாரித்தார். காப் நிறுவனம் ஒலியின் ஆழத்தையெல்லாம் சீவித்தள்ளி அச்சடித்தது. கையில் வந்த பிரதியைக் கேட்ட பெராக்ஸ் ஏமாந்துபோய்ப் பழைய வேலைக்கே திரும்பினார். பின்னாளில் ‘வைல்ட் பிளேசஸ்’ என்ற சிறு நிறுவனத்தார் அவரை விடாமல் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவரே பத்திரப்படுத்தி வைத்திருந்த நாடாக்களிலிருந்து, அவர் நினைத்த ஒலி முதல்முறையாக வெளியே வந்தது. அசல் தட்டைவிட மறுவெளியீடு மேலானதாக அமைந்த உதாரணம் இது.

இந்தத் தட்டுகளை மீட்டதில் ஹிப்-ஹாப் கலைஞர்களின் பங்கு பெரிது. டேவிட் ஆக்ஸல்ராட் வில்லியம் பிளேக்கின் கவிதைகளை வைத்து 1968-லும் 1969-லும் செய்த இரண்டு தட்டுகளைக் கடைகளின் மலிவுப் பெட்டிகளிலிருந்து எடுத்து உயிர்ப்பித்தவர்கள் அவர்களே. டிஜே ஷேடோவின் 1996-ஆம் ஆண்டுத் தட்டில் ஆக்ஸல்ராடின் தட்டிலிருந்து எடுத்த பியானோ கேட்கிறது. 2001-இல் ‘மோ வாக்ஸ்’ நிறுவனம் ஆக்ஸல்ராடைத் தேடிப்போய், அறுபதுகளின் முடிவுறாத பதிவுகளை வைத்துப் புதுத் தட்டே செய்யவைத்தது.

திரைப்பின்னணி இசையின் கதி இன்னும் மோசம். படம் ஓடி முடிந்ததும் நாடா தயாரிப்பாளரின் அலமாரிக்குப் போய்விடும். தட்டாக வராத இசையே அதிகம். கென் லோச்சின் 1969-ஆம் ஆண்டுப் படமான ‘கெஸ்’ஸுக்கு ஜான் கேமரன் போட்ட இசையை, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஜானி டிரங்க் என்பவர் தன் சிறு நிறுவனத்தில் வெளியிட்டார். மான்செஸ்டரின் ‘ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்’ செக் நாட்டுப் புதிய அலைப் படங்களின் இசையைத் தேடிக் கொண்டுவந்தது. இளையராஜாவின் எழுபது, எண்பதுகளின் மின்னணுப் பாடல்களை ‘சொல்லச் சொல்ல’ என்ற தலைப்பில் தொகுத்து மேற்கின் கேட்பவர்களிடம் கொண்டுபோனதும் இதே நிறுவனம்தான். போலந்தின் கிரிஷ்டோஃப் கொமெடா, போலான்ஸ்கியின் படங்களால் அறியப்பட்டவர். அவருடைய ‘அஸ்டிக்மாடிக்’ ஐரோப்பிய ஜாஸின் உச்சங்களில் ஒன்று. 1969-இல் 37 வயதில் இறந்துபோனார்.

நமக்கு நெருக்கமான இன்னொரு தட்டு ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. 1970-இல் பதிவானது. தலைப்பில் இருப்பவர் கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் பிறந்து, கண்டியில் ஆசிரமம் நடத்தி, 1966-இல் நியூயார்க் போய், 1969-இல் வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்த சுவாமி சச்சிதானந்தர். கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967-இல் இறந்த துயரிலிருந்து மீள, ஆலிஸ் அவரிடம் போனார். ஹார்ப், தம்புரா, ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன். கணவரின் நிழலில் வாழ்பவர் என்று ஒதுக்கிய விமர்சகர்கள் இந்த இசையை வெகுகாலம் பொருட்படுத்தவில்லை. பிறகு ஆலிஸ் கலிஃபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து, பஜனைகளைக் கேசட்டில் பதிவுசெய்தார். 2007-இல் அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, ‘லுவாகா பாப்’ நிறுவனம் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது.

கம்போடியாவில் கைவிட்டவர்கள் கம்பெனிக்காரர்கள் இல்லை. சின் சீசமுத், ரோஸ் சேரே சோத்தியா, பான் ரோன் என்று அறுபதுகளின் நோம் பென்னில் ஒரு முழு இசையுலகம் இருந்தது. வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையின் வானொலியில் கேட்ட ராக் இசையை அவர்கள் கெமெர் மெட்டுக்குள் இழைத்தார்கள். 1975 ஏப்ரல் 17-ஆம் தேதி கெமெர் ரூஜ் படை நகரைக் காலிசெய்தது. அதன் ஆட்சியில் 17 இலட்சம் பேர் அளவில் மாண்டார்கள். இந்தப் பாடகர்களும் தப்பவில்லை. தட்டுகளை வைத்திருப்பதே ஆபத்து என்ற நிலையில் மக்கள் அவற்றை ஒளித்துவைத்தார்கள், அகதிகளாகக் கொண்டுபோனார்கள். 1996-இல் ஒரு அமெரிக்கச் சிறு நிறுவனம் கம்போடியச் சந்தையில் வாங்கிய கேசட்டுகளிலிருந்து ‘கம்போடியன் ராக்ஸ்’ என்ற தட்டை வெளியிட்டது. பாடகர் பெயர் இல்லை, பாட்டின் தலைப்பு இல்லை, ஊர் இல்லை. மேற்கில் பலர் மயங்கிக் கேட்டார்கள். யாருடைய குரலைக் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டார்கள். இந்த இசையைப் பற்றி ஜான் பிரோஸ்ஸி எடுத்த 2014-ஆம் ஆண்டு ஆவணப்படம் வந்தபோதுதான் அந்தக் குரல்களின் பெயர்களும் முகங்களும் பரவலாகத் தெரிந்தன.

திருட்டுப் பதிப்பு சிமியனுக்கு மேடையைத் திருப்பிக் கொடுத்தது. கம்போடியப் பாடகர்களுக்குப் பெயரைக்கூடக் கொடுக்கவில்லை. இதனால்தான் எல்லா மீட்பையும் ஒரே கண்ணால் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. அரிய தட்டைக் கண்டெடுத்த சேகரிப்பாளரின் புகழ் பத்திரிகைகளில் நிறைகிறது. இசைக் கலைஞர் உயிரோடிருக்கும்போதே அவர் வீட்டுக் கதவைத் தட்டி, ஒப்பந்தம் போட்டு, பணம் கொடுத்து, மீண்டும் வாசிக்கச் சொன்னவர்களே உண்மையில் மீட்டவர்கள். அறுபதுகளில் இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்கிவிட்டார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். இனிக் கதவைத் தட்ட அதிக ஆண்டுகள் இல்லை.

பழைய தட்டு ஒன்றின் மறுவெளியீட்டை வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் உறையைத் திருப்பிப் பாருங்கள். வாசித்தவர்களின் பெயர்கள் அதில் இருக்க வேண்டும். எந்த நாடாவிலிருந்து, யாருடைய உரிமையோடு எடுத்தது என்ற குறிப்பு இருக்க வேண்டும். இரண்டும் இல்லாததை வாங்காதீர்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ‘ஹம் தோனோ’.