கரப்பும் பஞ்சாரமும்

காலையில் கூட்டைத் திறந்து கணக்குக் குறைந்தால், கோழி வளர்த்துப் பழகியவர் முதலில் தரையைத்தான் பார்ப்பார். மூன்று நாலு கோழி கடிபட்டு, தின்னப்படாமல் அங்கங்கே கிடந்தால் தெருநாயின் வேலை. நாய்க்குப் பசியைவிடத் துரத்தும் வெறிதான் அதிகம். கழுத்தில் பல் பதிந்து, தலைப்பக்கம் மட்டும் போயிருந்தால் கீரியையோ மரநாயையோ சந்தேகிக்கலாம். அடைக்கு வைத்த முட்டை ஓடுகூட மிச்சமில்லாமல் மறைந்தால் பாம்பு விழுங்கியிருக்கும். ஓடு உடைந்து கரு வழிந்திருந்தால் காகமோ கீரியோ வந்திருக்கும். நரி வந்துபோன வீட்டில் கோழி முழுதாகவே போயிருக்கும், வேலியோரம் நாலு இறகு மட்டும் கிடக்கும். பட்டப்பகலில் குஞ்சு ஒன்றொன்றாகக் குறைந்தால் வானத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தத் தடயம் பார்க்கும் அறிவு வவுனியாவிலும் சிவகங்கையிலும் ஒன்றுதான். எப்படிக் காப்பது என்று வரும்போதுதான் இலங்கை, தமிழ்நாடு என்னும் இரு கரையும் பிரிகின்றன. யாழ்ப்பாணத்து வளவில் வளர்ந்து, பின்னாளில் இராமநாதபுரம், சிவகங்கை, கொங்குப் பக்கம் பல வீடுகளின் கொல்லையைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இரு நாட்டிலும் பழைய காவல் முறைகள் எல்லாம் ஒரு தாய்க்கோழி இருப்பதாக எண்ணியே அமைந்தவை. இன்று நாம் குஞ்சுகளை வாங்கி வளர்க்கிறோம், தாயை வாங்குவதில்லை. இழப்பில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கள்ளர்களைப் பார்ப்போம். கீரி, மரநாய், காட்டுப்பூனை, உடும்பு, சாரை, நாகம், நரி எல்லாம் இரு நாட்டுக்கும் பொது. ஆனால் தமிழ்நாட்டுப் பொட்டல்களில் திரியும் சிறு குள்ளநரி இலங்கையில் கிடையாது. அங்கே நரி என்றால் கூட்டமாக ஊளையிடும் பெரிய நரி ஒன்றுதான். மாறாக, இலங்கையின் ஈரநிலங்களில் கபரகொய்யா என்னும் பெரிய நீருடும்பு வாய்க்கால் வழியே ஏறி வீட்டுக் கொல்லைக்கே வரும். தமிழ்நாட்டில் அது இல்லை. மீன்பிடிப் பூனையும் அப்படித்தான். கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்புநிலங்களில்கூட அது வாழ்கிறது, மீன் குறைந்தால் கோழிக்கூட்டுக்கு வருகிறது. சின்னஞ்சிறு குஞ்சைத் தூக்கும் பருந்தோ தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் வட்டமிடும். இலங்கையில் அது யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் என்று வடக்கிலும் வடமேற்குக் கரையிலும்தான் தாராளம். தெற்கே போனால் அந்த வேலையை வல்லூறும் குடுமிக் கழுகும் செய்கின்றன.

யார் எந்த நேரத்தில் வருகிறார் என்பது இதைவிட முக்கியம். கீரியும் உடும்பும் சாரையும் பருந்தும் காகமும் பகலில் வருபவை. மரநாயும் காட்டுப்பூனையும் மலைப்பாம்பும் இரவுக்குரியவை. நரியும் இருட்டிய பிறகே ஊருக்குள் துணிந்து வரும். நாய்க்கு நேரமே கிடையாது. கூட்டுக்குப் பெரிய பூட்டுப் போட்டுவிட்டு, “கீரி பிடிக்குது” என்று கவலைப்படும் பலரை நான் கண்டிருக்கிறேன். கீரி வருவது கூடு திறந்த பிறகு, விடிந்து வெயில் ஏறும் நேரத்தில். அதற்கு இரவுப் பூட்டால் பயனில்லை.

இரவுக் காவலில்தான் இரு கரைக்கும் பெரிய வித்தியாசம். தமிழ்நாட்டில் நத்தம் எனும் ஊர்க் குடியிருப்பு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. கொல்லை சிறிது, தெரு பொது. அதனால் கோழி வீட்டோடு ஒடுங்கியது. பழைய வீடுகளில் திண்ணைக்கு அடியிலேயே மண்ணாலோ செங்கல்லாலோ கூடு கட்டி, உள்ளே நுழைய ஒரு சிறு வாயில் விட்டு, மாலையில் பலகைக்கல்லை வைத்து அடைத்துவிடுவார்கள். கல்லை நகர்த்த நரியாலும் முடியாது, நாயாலும் முடியாது. மேலே படுத்திருக்கும் மனிதருக்குக் கீழே கோழி சலசலத்தால் உடனே கேட்கும். கொங்குத் தோட்டத்து வீடுகளில் இடம் அதிகம், கிளுவை வேலியும் உண்டு; அங்கே கூடை போன்ற கொடாப்பும் தனிக் கூடும் வந்தன.

இலங்கைத் தமிழர் வளவு வேறு விதம். இரண்டு பரப்பு, நாலு பரப்பு என்று வீட்டைச் சுற்றிக் காணி இருக்கும். பூவரசும் கிளுவையும் கதியாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ வரிந்த வேலி சுற்றிவரும். ஊர்க்கோழி அந்த வளவு முழுக்க மேயும், பொட்டு எனும் வேலி இடைவெளியால் அடுத்த வளவுக்கும் போகும், மாலையில் முருங்கையிலோ மாவிலோ ஏறிப் படுக்கும். வன்னியிலும் அநுராதபுரத்துக் குளக்கரைச் சிங்களக் கிராமங்களிலும் இதுவே வழக்கம். கோழி ஏற வசதியாக ஒரு தடியை மரத்தில் சாத்தி வைப்பார்கள். காட்டுக்கோழியின் வழிவந்த பறவைக்கு இது இயல்பான படுக்கை. உடல் இலேசான ஊர்க்கோழி உயரக் கொப்புக்குச் சிரமமில்லாமல் பறந்துவிடும். நரிக்கும் நாய்க்கும் அங்கே எட்டாது.

எட்டக்கூடியது மரநாய். யாழ்ப்பாணத்துப் பனங்கூடல் அதன் வீடு. பகலில் ஓலைக்குள்ளோ கூரைக்குள்ளோ உறங்கி, இரவில் முட்டியில் கள்ளைக் குடித்து, பழத்தைத் தின்று, கூடவே கொப்பில் உறங்கும் கோழியையும் எடுக்கும். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. பக்கத்தில் படுத்ததை மரநாய் பிடித்தாலும் அடுத்தது அசையாமல் இருக்கும். “மரத்தில விட்டால் மரநாய், கூட்டில விட்டால் பேன், என்னதான் தம்பி செய்யிறது?” என்று வடமராட்சியில் ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. காற்றோட்டமில்லாத கூட்டில் கோழிப்பேனும் உண்ணியும் பெருகும் என்பது உண்மை. மரத்தில் தங்கும் கோழி உடம்பால் ஆரோக்கியமானது, உயிரால் ஆபத்திலிருப்பது. நான் கூட்டைத்தான் சொல்வேன். ஆனால் தரையிலிருந்து மூன்றடி உயர்த்தி, பக்கங்களில் சலாகை அடித்துக் காற்று வரும்படி கட்டிய கூடாக அது இருக்க வேண்டும்.

ஒரே மக்கள் இரு நாட்டிலும் ஒரே மாதிரி வளர்ப்பது தேயிலைத் தோட்டங்களில்தான். ஹற்றன், நுவரெலியா லயங்களிலும் வால்பாறை லைன் வீடுகளிலும் வாழ்பவர்களில் பெரும்பாலோரின் பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டுச் சமவெளி ஊர்களிலிருந்து போனவர்களே. இரண்டிடத்திலும் வீட்டுப் பின்சுவரோடு ஒட்டிய சிறு கூடு. இரண்டிடத்திலும் தேயிலைக்குள் சிறுத்தை. அது பெரும்பாலும் நாயைத் தேடித்தான் லைனுக்கு வரும், ஆனால் கோழிக்கழிவைக் கொட்டினால் நாயும் சேரும், நாயின் பின்னால் சிறுத்தையும் சேரும். பிள்ளைகள் விளையாடும் வாசலில் கோழிக் குடலைக் கொட்டாமல் புதைப்பது அங்கே கோழியைக் காப்பதைவிடப் பெரிய காவல்.

பகல் காவலுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பஞ்சாரம், யாழ்ப்பாணத்தில் கரப்பு. மூங்கிலாலோ பனை ஈர்க்காலோ விளாராலோ பின்னிய, அடியில்லாத பெரிய கூடை. தாயையும் குஞ்சுகளையும் மூடி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் பருந்தும் காகமும் சுற்றிச் சுற்றி வந்து போகும். கண் கொஞ்சம் பெரிதாக விட்டுப் பின்னிய பஞ்சாரத்தில் குஞ்சு வெளியே போய் மேய்ந்துவிட்டு, தாய் குரல் கொடுத்ததும் உள்ளே ஓடிவரும். இதைப் பின்னியவர்கள் குஞ்சின் உடம்பளவையும் கீரியின் தலையளவையும் அறிந்தவர்கள். கீரிக்கு வழி விடாமல் குஞ்சுக்கு வழி விடுவது எளிதல்ல.

அடை வைக்கும் முறையிலும் இரு கரையும் நெருக்கம். ஓலைப்பெட்டியிலோ பழைய கூடையிலோ மணல் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டையை வைத்து, ஓரமாக ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போடுவார்கள். இடிச் சத்தத்தில் முட்டை கெடாமல் இருக்கவாம். இரும்பு எதையும் தடுக்காது. ஆனால் அடைக்கோழியை வீட்டுக்குள், ஆள் நடமாடும் மூலையில் வைப்பது நிச்சயமாகத் தடுக்கிறது. 21 நாள் பாம்பும் பெருச்சாளியும் நெருங்காமல் இருப்பது அதனால்தான்.

குஞ்சு பொரித்த பிறகு காவலை ஏற்பது தாய். மேலே பருந்து தெரிந்தால் அது எழுப்பும் குரல் வேறு, தரையில் பூனையைக் கண்டால் எழுப்பும் குரல் வேறு. முதற் குரல் மெல்லியது, நீண்டு இழுபடுவது. கேட்ட நொடியில் குஞ்சுகள் பூவரச நிழலுக்கோ தாயின் சிறகுக்கடியிலோ ஓடி, அப்படியே உறைந்துவிடும். இரண்டாவது கொக்கரிப்பு. அதைக் கேட்டால் ஒளிவதில்லை, விலகி ஓடும், வீட்டுக்காரருக்கும் விளங்கும். அசீல் வகைப் பெட்டையும் சிறுவிடைக் கோழியும் குஞ்சோடு இருக்கும்போது காகத்தைப் பறந்தடிப்பதை இரு நாட்டிலும் பார்க்கலாம். ஏழெட்டுக் கிழமை இந்தப் பாடம் நடக்கும். அதன் பிறகு தாய் கொத்தி விரட்டும்போது, குஞ்சுக்கு எங்கே ஒளிவது என்று தெரிந்திருக்கும்.

இப்போது உதவித் திட்டங்களை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டங்களில் நாலு வாரம்வரை தாய்ப் பண்ணையில் வளர்த்த குஞ்சுகளைக் கிராமப் பெண்களுக்குக் கொடுக்கிறார்கள். முதல் மாதத்து இழப்பை இது பெருமளவு தவிர்க்கிறது, நல்ல ஏற்பாடு. இலங்கையில் 2009க்குப் பிறகு, மீள்குடியேறிய வன்னிக் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு, வாழ்வாதார உதவியாகக் கோழியும் கூடும் வந்தன. 2022இன் நெருக்கடியில் தீவனம் இல்லாமல் பண்ணைகள் படுத்து, முட்டை விலை ஏறி, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தபோது, வீட்டுக்கோழியின் அருமை பலருக்கும் மறுபடி புரிந்தது.

இரு பக்கமும் கொடுக்கப்படும் கோழி பெரும்பாலும் முட்டைக்கும் எடைக்கும் தேர்ந்த இனம். வனராஜா போன்றவை நாட்டுக்கோழியைவிட இரு மடங்குக்கும் மேல் முட்டை தரும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எடை கூடிய கோழி மரம் ஏறாது, பருந்தைக் கண்டு பாய்ந்து ஒளியவும் தாமதிக்கும். பெரும்பாலும் அடை படுக்காது. தாயில்லாமல் மின்குமிழ் வெப்பத்தில் வளர்ந்த குஞ்சுக்கு அந்த நீண்ட குரலின் பொருளைக் காட்டிக்கொடுக்க ஆளில்லை. இந்தக் கோழியை வன்னி வளவில் ஊர்க்கோழியைப்போல அவிழ்த்துவிட்டால் சில மாதங்களில் கூடு வெறுமையாகும். பயனாளிக்கு அக்கறையில்லை என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம். மரத்தில் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் பறவைக்கான முறையை, காக்கத் தெரியாத பறவைக்குப் பொருத்தியதுதான் பிழை.

கள்ளரைக் கொன்று தீர்க்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் இலங்கையில் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் காட்டு விலங்குகளைக் காக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், குருணை மருந்து வைத்த இறைச்சி நாயையும் மயிலையும் காகத்தையும் சேர்த்துக் கொல்லும். வயலில் எலியைத் தின்பது அதே சாரையும் அதே காட்டுப்பூனையும்தான். தெருநாய்த் தொல்லை வேறு வகை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் நாய் கடித்த ஆடுகளோடு தெருவுக்கு வந்து போராடினார்கள். இலங்கையில் 2006 முதல் தெருநாயைக் கொல்லாத கொள்கை நடைமுறையில் இருக்கிறது. கருத்தடை ஒழுங்காக நடக்காத ஊரில் அந்தச் சுமை கடைசியில் கோழி வளர்க்கும் பெண்ணின் தலையில் விழுகிறது.

ஆகவே கூடு. கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்கும், கீரியை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ்தான் கீரிக்கும் பாம்புக்கும் தடை. ஓரத்தை ஓரடி ஆழம் புதைக்க வேண்டும். உயர்ந்த கூடாயின் கால்களில் தென்னைக்கு எலி ஏறாமல் கட்டுகிறோமே, அந்தத் தகரத்தைச் சுற்ற வேண்டும். மரநாய் கூரையைப் பிரித்து இறங்கும், கிடுகுக்கு அடியிலும் வலை வேண்டும். கொளுக்கி இரண்டு போடலாம். காலையில் வெயில் நன்றாக ஏறி, வீட்டு ஆட்கள் வெளியே நடமாடத் தொடங்கிய பிறகு திறந்தால் கீரியின் வேளை பாதி கழிந்திருக்கும், முட்டையும் பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே விழும். இவ்வளவு செய்தும் ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து போடாவிட்டால் ஒரு வாரத்தில் எல்லாம் போகும்: முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி.

திட்டக்காரர்களிடமும் வீட்டுக்காரர்களிடமும் நான் கேட்பது இன்னும் ஒன்று. பத்து உயர்இனக் கோழி கொடுக்கும் இடத்தில் எட்டைக் கொடுத்து, கூட அடை படுக்கும் ஊர்ப்பேடு இரண்டைக் கொடுங்கள். உயர்இனத்தின் முட்டையை அவற்றுக்கு அடை வைக்கலாம், தமிழ்நாட்டிலும் வன்னியிலும் சில பெண்கள் யாரும் சொல்லாமலே இதைச் செய்துவருகிறார்கள். அந்தக் குஞ்சுகள் கரப்புக்குள் தாயோடு வளரும். பருந்து வரும்போது கேட்க ஒரு குரலும் ஒளிய ஒரு சிறகும் அவற்றுக்கு இருக்கும்.