பிரிக்காத உறையை வாசிப்பது

"அப்பா, இதுல பூ போட்டிருக்கு" என்றான் மகன்.

அவனுடைய பதினோராவது பிறந்தநாள். நான் பரிசாகக் கொடுத்த போக்கிமான் உறையைப் பிரித்து, பதினோரு அட்டைகளையும் மேசையில் பரப்பியிருந்தான். 1999 ஜனவரியில் அமெரிக்காவில் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட முதல் தொகுப்பு, பேஸ் செட். உறையின் முகப்பில் சாரிஸார்ட் நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. நியூ ஜெர்ஸியில் ஒரு ஓட்டல் கூடத்தில் நடந்த கார்டு ஷோவில், ஒரு மாத மளிகைச் செலவைக் கொடுத்து வாங்கியிருந்தேன். விற்றவர் மிகவும் பிரியமாகப் பேசினார். அதுவே என்னை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும், சரி விடுங்கள்.

பூ எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். படத்தின் வலது கீழ் மூலைக்கு அடியில், அரிசி அளவில் ஒரு பூச்சின்னம். ஜங்கிள் என்ற இரண்டாவது தொகுப்பின் அடையாளம் அது. பேஸ் செட் அட்டைகளில் அந்த இடத்தில் எந்தச் சின்னமும் கிடையாது. முதல் தொகுப்பைத் தனியாக அடையாளம் காட்ட வேண்டிய தேவை அப்போது யாருக்கும் வந்திருக்கவில்லை. ஆக, பேஸ் செட் உறைக்குள் ஜங்கிள் அட்டை இருக்க வழியே இல்லை. அதற்குப் பிறகு மற்றதும் கண்ணில் பட்டது. ஒரே சாதாரண அட்டை இரண்டு தடவை, இரண்டின் ஓரங்களிலும் வெள்ளைத் தேய்மானம். உறைக்கு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டிய அரிய அட்டை காணவே காணோம். யாரோ பிரித்து, நல்லதை எடுத்துக்கொண்டு, வீட்டில் கிடந்த உதிரிகளைப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

உறை அசல்தான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அதை அரை மணி நேரம் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். எழுத்து கூர்மையாக இருந்தது, நிறம் சரியாக இருந்தது. போக்கிமான் என்ற ஆங்கிலப் பெயரில் 'இ' எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய சாய்கோடு இருந்தது. மலிவான போலிகள் பலவும் இந்தச் சாய்கோட்டை மறந்துவிடும். அது இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

இந்தத் துறையில் ஏராளமான வழிகாட்டிகள் உண்டு. 'போலி உறையைக் கண்டுபிடிப்பது எப்படி' என்ற வகையில் எழுதப்பட்ட நூறாவது கட்டுரையைப் படித்து முடித்தவன் என்ற தகுதியில் ஒன்று சொல்கிறேன். அவை பெரும்பாலும் அச்சுப் போலியைப் பற்றியே பேசுகின்றன. வெளிறிய நிறம், மங்கிய எழுத்து, மெல்லிய பளபளப்பு. உள்ளிருக்கும் அட்டையின் பின்னால் டார்ச் அடித்தால் வெளிச்சம் தாராளமாக ஊடுருவினால் போலி, ஏனென்றால் அசல் அட்டையின் நடுவே கருமையான ஒரு அடுக்கு ஒட்டப்பட்டிருக்கும். எல்லாம் சரிதான். ஆனால் அந்தச் சோதனையைச் செய்ய உறையைப் பிரித்தாக வேண்டுமே! பொன்னை உரைகல்லில் தேய்த்தால் இம்மியளவு போகும், மீதி நகையாகவே இருக்கும். தர்பூசணிக்காரர் முக்கோணமாக ஒரு கீற்று வெட்டிக் காட்டிவிட்டு அதே பழத்தை விற்கலாம். பிரித்த உறையை விற்க முடியாது. சோதனையும் அழிவும் இங்கே ஒன்றே. எனவே நாம் செய்வதெல்லாம் மேற்பரப்பை வாசிப்பதுதான், அட்டைப்படத்தையும் பின்னட்டைக் குறிப்பையும் வைத்து நாவலுக்கு மதிப்புரை எழுதுவது மாதிரி.

அந்த வாசிப்பில் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். உறையின் முகத்தைப் பார்க்காதீர்கள், காயத்தைப் பாருங்கள். மேலும் கீழும் சூடான பற்கள் கடித்து மூடிய விளிம்பு இருக்கும், கிரிம்ப் என்பார்கள். தொழிற்சாலை இயந்திரம் அதை ஒரே தடவை கடிக்கிறது. வரிகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் ஓடும். வீட்டில் மறுபடி மூடியவரின் கையில் அந்த இயந்திரம் இல்லை. பசையோ, முடியை நேராக்கும் சூட்டுக்கருவியோதான் இருக்கும். வரிகள் சில இடத்தில் நசுங்கியிருக்கும். அல்லது பழைய வரிமேல் புதிய வரி சற்றே விலகி விழுந்து, இரண்டு தடவை எழுதிய கையெழுத்து போலத் தெரியும். சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் பசையின் மினுக்கம் தெரியும். அதைவிட முக்கியம் பின்பக்கம் நெடுக ஓடும் மடிப்பு. கெட்டிக்காரர்கள் விளிம்பைத் தொடவே மாட்டார்கள், இந்த மடிப்பைத்தான் திறந்து மூடுவார்கள். நான் வாங்கிய உறையில் நடந்ததும் இதுதான். விளிம்பை அரை மணி நேரம் பார்த்த நான் மடிப்பை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. முன்பக்கச் சாரிஸார்ட் அவ்வளவு அழகு.

சரி, அச்சும் அசல், கிரிம்ப்பும் அசல், மடிப்பும் தொடப்படவில்லை. அப்படியானால் அது அசல் உறையா? இங்கேதான் வழிகாட்டிகள் நின்றுவிடுகின்றன. எனக்கு விஷயமே இங்கேதான் தொடங்குகிறது.

பேஸ் செட் உறை ஒவ்வொன்றிலும் ஓர் அரிய அட்டை உண்டு. தோராயமாக மூன்று உறைக்கு ஒன்றில் அது ஹோலோ, அதாவது மின்னும் படலம் பதித்த அட்டை. அந்தப் படலத்துக்கு ஒரு கிராமின் சிறு பின்ன அளவு எடை கூடுதல். நகைக்கடைத் தராசின் நுட்பம் கொண்ட சிறு மின்தராசு இருந்தால் போதும், முப்பத்தாறு உறைகள் கொண்ட பெட்டியைக் கனமானவை, லேசானவை என்று பிரித்துவிடலாம். கனமானதை வைத்துக்கொண்டு லேசானதை விற்பார்கள். அப்படி விற்கப்படும் உறையில் ஒரு பொய்கூடக் கிடையாது. ஆலையில் மூடப்பட்டது, யாரும் திறக்கவில்லை, எந்த நிபுணரும் அசல் என்றே சான்று தருவார். ஆனால் உள்ளே சாரிஸார்ட் இருக்கக்கூடும் என்ற ஒரே ஒரு பொருளை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாங்குகிறவர் அதற்குத்தான் காசு கொடுக்கிறார்.

ஜப்பானியப் பெட்டிகளில் இன்னொரு விதம். பெட்டிக்கு இத்தனை உயர்ந்த அட்டை என்ற கணக்கு அவற்றில் பெரும்பாலும் இருக்கும். அது கிடைக்கும்வரை பிரித்துவிட்டு மீதியை உதிரியாக விற்பது சுலபம். 2024இல் தொழிற்சாலைப் பாகங்களைப் பரிசோதிக்கும் சிடி ஸ்கேனையே உறைக்குள் விட்டு, பிரிக்காமலே இன்ன அட்டை என்று படித்துச் சொல்லும் சேவை அமெரிக்காவில் வந்துவிட்டது. என் பார்வையில் அச்சுப் போலியைவிட இவைதான் பெரிய போலி. அச்சுப் போலிக்காரன் உறையைப் போலி செய்கிறான். இவர்கள் உறையை அப்படியே விட்டுவிட்டு அதிர்ஷ்டத்தைப் போலி செய்கிறார்கள்.

லோகன் பால் விவகாரத்தை இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். யூடியூப் பிரபலமான அவர், முதல் பதிப்பு பேஸ் செட் பெட்டிகள் ஆறு அடங்கிய, பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றை 35 லட்சம் டாலருக்கு வாங்கியதாக 2021 டிசம்பரில் அறிவித்தார். பெட்டியின் லேபிளையும் அது வந்த கதையையும் பற்றிச் சேகரிப்பாளர்கள் உடனே சந்தேகம் எழுப்பினார்கள். 2022 ஜனவரியில், ஏற்கெனவே சான்றளித்திருந்த நிறுவனத்தாரை வைத்துக்கொண்டே சிகாகோவில் அதைத் திறந்தார். உள்ளே போக்கிமான் இல்லை, ஜி.ஐ. ஜோ அட்டைகள். அந்த வீடியோவைப் பலரும் ஏமாந்தவனின் நகைச்சுவையாகப் பார்த்தார்கள், பணக்காரன் ஏமாந்தால் நமக்கு ஒரு குஷிதான். என்னால் சிரிக்க முடியவில்லை. என் மேசைமேல் ஒரு பூச்சின்னம் கிடந்தது.

அதில் என்னை உறுத்தியது போலி செய்தவரின் திறமை அல்ல, சான்றின் தன்மை. சான்றளித்தவர்கள் பார்த்தது வெளி அட்டையையும் ஒட்டுநாடாவையும் லேபிளையும். வேறெதைப் பார்க்க முடியும்? திறந்தால் பொருள் போயிற்று. ஆக அவர்கள் 'உள்ளே இது இருக்கிறது' என்று சொல்லவில்லை. 'உள்ளே இது இருக்கும் பெட்டி வெளியிலிருந்து இப்படித்தான் தெரியும்' என்றுதான் சொல்லியிருக்க முடியும். வாங்கியவர் முதல் வாக்கியத்துக்குப் பணம் கொடுத்தார். ஒவ்வொரு கையும் முந்தைய கையை நம்பி வாங்க, விலை மட்டும் ஏறியது. லோகன் பால் திறக்காமல் இன்னொருவருக்கு விற்றிருந்தால் அது இன்றும் அசல்தான். இன்றைக்கு எத்தனை அலமாரிகளில் அப்படி அசலாக இருந்துகொண்டிருக்கின்றனவோ.

பிரிக்காத உறைகளுக்கு மட்டுமான சேகரிப்பு என்பதிலேயே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தரம் குறித்து, கெட்டி பிளாஸ்டிக்கில் அடைத்து, எண் போட்டுத் தருகிறார்கள். அதன்பின் அந்த உறை பிரிக்கப்படவே போவதில்லை. பிரிக்கப்படவே போகாத உறைக்குள் சாரிஸார்ட் இருந்தால் என்ன, உதிரி இருந்தால் என்ன? கார்டு ஷோவில் பழக்கமான ஒரு தமிழ் நண்பரிடம் இதைக் கேட்டேன். அவரிடம் இருபது உறைகள் இருக்கின்றன. "அண்ணே, நீங்க வாங்குறது கார்டு. நான் வாங்குறது பிரிக்கலாம்ங்கிற நெனப்பு" என்றார். பதில் நன்றாகத்தான் இருந்தது. "அத எடை போட்டாங்களான்னு பாத்தீங்களா?" என்றேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மகன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "உனக்கு முன்னாடியே தெரியுமாப்பா?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். நம்பினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பணத்தைவிட அந்த ஒரு நொடிதான் என்னைத் தூங்கவிடவில்லை. விற்றவரைப் பிறகு எந்த ஷோவிலும் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் வேறொரு ஷோவுக்கு இரண்டு பேரும் போனோம். ஒரு வயதான வியாபாரி இரண்டு டப்பா வைத்திருந்தார். ஒன்றில் 'கனம்', ஒன்றில் 'லேசு' என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார். விலையில் ஏகப்பட்ட வித்தியாசம். எடை போடாதது இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். "இருந்தால் உனக்கு ஏன் விற்கிறேன், நானே பிரித்திருப்பேன்" என்ற பொருளில் ஏதோ சொன்னார். மகன் உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகப்பை அல்ல, பின் மடிப்பை. கடைசியில் லேசு டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தான். "இதுல ஹோலோ இருக்காதுடா" என்றேன்.

"தெரியும்ப்பா, அதான் எழுதியிருக்காரே."

காரில் உட்கார்ந்ததும் பிரித்தான். பழைய மையின் வாசனை வந்தது. பதினோரு அட்டைகள், எதிலும் பூ இல்லை. அரிய அட்டையாக ஒரு டிராகனேர், மின்னாதது. அதன் ஓரங்களைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.