நீரடியில் ஊரும் திரையில் ஏக்கமும்

பழைய கணினித் திரையின் மங்கலையும் ஒலிநாடாவின் இரைச்சலையும் அழகெனக் கொள்ளும் போக்கு இன்றைய கலைகளுள் கவனத்திற்குரியது. 'வேப்பர்வேவ்' எனப்படும் இப்போக்கிற்கு, 'மெக்கின்டோஷ் பிளஸ்' என்ற பெயரில் 2011இல் வெளியான 'புளோரல் ஷாப்' இசைத்தொகுப்பு தக்க சான்றாகும். அதிற் பெரிதும் பேசப்பட்ட பகுதி, டயானா ரோஸ் 1984இற் பாடிய பாடலொன்றின் வேகத்தைக் குறைத்து ஆக்கப்பட்டது. நுகர்வுப் பண்பாட்டின் மீதான எள்ளலாகவும் கருதப்பட்ட இவ்வடிவம், காலப்போக்கில் தாம் வாழ்ந்திராத காலத்துக்கான ஏக்கமாகவே பெரிதும் சுவைக்கப்படலாயிற்று.

இவ்வேக்கத்தின் தன்மையை மஸ்கெலியாவைக் கொண்டு மதிப்பிடலாம். 1960களின் பிற்பகுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பழைய நகரம் மூழ்கியது. நீர் வற்றுங்கால் கோயிலும் பள்ளிவாசலும் வெளித்தெரிகின்றன. அவற்றைக் கைபேசியிற் படம்பிடித்து, பழுப்பு நிறமேற்றி, பழைய வானொலிப் பாடலை இரைச்சலோடு இணைத்தால் காண்போர் நெகிழ்வது இயல்பே. ஆயின், அந்நெகிழ்ச்சி எதனை மறைக்கின்றது?

அப்பாடல்கள் லயன்களில் ஒலித்த காலம், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தோர் பலர், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி உற்றாரைப் பிரிந்து தலைமன்னாரிற் கப்பலேறிய காலமுமாகும். இனிய பழமையாக மட்டும் அதனைக் காட்டும் படைப்பு வரலாற்றுக்கு நேர்மையானதன்று.

எனவே, இவ்வடிவத்தை நாம் நிராகரிக்க வேண்டியதில்லை. இரைச்சலை அணியாக அன்றி, இழப்பின் தடயமாகக் கையாளும்போதே அது மலையகத்தின் கலையாகும்.