பொது நிர்வாகப் பட்டம்: கல்லூரியை எதை வைத்து எடைபோடுவது?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் வாரத்தில் வெளியாகும் கல்லூரி விளம்பரங்களில், பி.ஏ. பொது நிர்வாகத்துக்குப் பக்கத்திலேயே ஐ.ஏ.எஸ். என்று போட்டிருப்பார்கள். முதலில் தராசில் ஏற்ற வேண்டியது அந்த வாக்குறுதியைத்தான்.

குடிமைப் பணித் தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளிலும் பெரும்பாலான பதவிகளுக்கு அப்படித்தான். பொது நிர்வாகம் 1987இல் குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடமாகச் சேர்ந்து, பிறகு மிகப் பிரபலமானது உண்மை. ஆனால் 2011இல் முதல்நிலைத் தேர்விலிருந்து விருப்பப் பாடமே நீக்கப்பட்டது. 2013இல் முதன்மைத் தேர்வின் இரண்டு விருப்பப் பாடங்கள் ஒன்றாகக் குறைந்தன. இன்று 1,750 எழுத்துத் தேர்வு மதிப்பெண்களில் விருப்பப் பாடத்துக்கு 500தான்; பொது அறிவுத் தாள்கள் நான்குக்கும் சேர்த்து 1,000. அந்த 500க்கும் பொது நிர்வாகத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பொறியியல் படித்தவர் உட்பட. அரசமைப்பு, ஆட்சிமுறை, நிர்வாக அறம் ஆகிய பகுதிகளைப் படிக்கும்போது பட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். அதற்கு மேல் அது கலெக்டர் நாற்காலிக்கு முன்பதிவு அல்ல.

அதனால் பாடம் மட்டம் என்று ஆகிவிடாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1937இலேயே இதில் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. அமெரிக்க நிர்வாக அறிஞர் பால் ஆப்பில்பி 1953இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, மறு ஆண்டே டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் பிறந்தது. சட்டமாக எழுதப்பட்ட ஒன்று குடிமகனின் கைக்கு வந்து சேரும் வழியையும், அது இடையில் எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதையும் முறையாகப் படிக்கும் துறை இது. கல்லூரி அதைக் கற்றுத்தருகிறதா என்பதுதான் கேள்வி.

நாக் தரமும் என்.ஐ.ஆர்.எஃப். வரிசையும் இதற்குப் பெரிதாக உதவாது. இரண்டும் கல்லூரி முழுவதையும் அளப்பவை. வேதியியல் துறையின் ஆய்வுக் கட்டுரைகளால் உயர்ந்த ஒரு கல்லூரியில் பொது நிர்வாகத் துறை இரண்டு பேரோடு ஒரு மூலையில் கிடக்கலாம். ஆகவே துறையைக் கேட்க வேண்டும்: நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? பொது நிர்வாகத்தையே படித்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? அல்லது அரசியல் அறிவியல், வரலாற்றுத் துறையினர் தாள்களைப் பங்குபோட்டுக்கொள்கிறார்களா? அரசுக் கல்லூரிகளில் பல துறைகளைக் கௌரவ விரிவுரையாளர்களே தாங்குகிறார்கள். அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அடுத்த ஆண்டு அங்கே இருப்பார்களா என்பது அவர்களுக்கே தெரியாதபோது, மூன்றாண்டுத் திட்டம் எதையும் அவர்களால் போட முடியாது.

இன்னொரு சோதனை, மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடம் பேசிப் பார்ப்பது. டெய்லர், வெபர், சைமன், ரிக்ஸ் என்று கோட்பாட்டாளர்களின் பெயர்களை எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஒரு பட்டா மாறுதல் மனு கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து எங்கே போகும், உட்பிரிவு இருந்தால் யார் அளக்க வர வேண்டும், யார் கையெழுத்திட வேண்டும் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. ஒன்றுக்காவது துறை அழைத்துப் போனதா? பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்றையாவது எழுதவைத்தார்களா? ஆய்வுக்கூடம் இல்லாத வேதியியல் துறையில் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம். இந்தத் துறையின் ஆய்வுக்கூடம் தாலுகா அலுவலகம்தான், அதற்குக் கட்டடச் செலவுகூடக் கிடையாது.

யாரும் விளம்பரத்தில் சொல்லாத விஷயம் பயிற்று மொழி. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியின் நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதவிக்கான கல்வித் தகுதி எதுவோ அதுவரை, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பட்டம் கேட்கும் பதவிக்குப் பட்டமும் தமிழ்வழி. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்த பிள்ளை, மதிப்பாக இருக்கும் என்று ஆங்கிலவழி பி.ஏ.யில் சேர்ந்தால் குரூப் 1, குரூப் 2க்கான அந்த உரிமை அன்றோடு போய்விடும். ஆங்கிலவழிப் பிரிவு என்று பெயர், வகுப்பில் நடப்பதோ தமிழ்: இப்படிப்பட்ட வகுப்பறைகள் ஏராளம். சான்றிதழ் வகுப்பறைப் பேச்சைக் கேட்டு எழுதப்படுவதில்லை.

எதிர்வாதமும் வலுவானது. இத்துறையில் தமிழில் நல்ல உயர்நிலை நூல்கள் குறைவு. ஆங்கிலத்தில் படிக்கப் பழகாதவர் முதுகலையில் திணறுவார். இந்தக் குறையை நூலகத்தில் உட்கார்ந்து ஓரளவு ஈடுகட்டலாம். இழந்த முன்னுரிமையை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது.

ஆகவே என் முடிவு ஆளுக்கு ஆள் மாறும். ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்து மாநில அரசுப் பணியைக் குறிவைப்பவருக்கு, அருகில் உள்ள அரசுக் கல்லூரியின் தமிழ்வழிப் பிரிவே மேல். அங்கே பொது நிர்வாகம் இல்லையென்றால் வரலாறோ அரசியல் அறிவியலோ எடுத்தாலும் மேல். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும். ஆய்வுக்கோ கல்லூரி ஆசிரியர் பணிக்கோ போக விரும்புபவர் மட்டும், நிரந்தர ஆசிரியர்களும் முதுகலையும் உள்ள துறையைத் தேடி வெளியூர் போகலாம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் பொது நிர்வாகம் தனிப் பாடமாகவே இருக்கிறது. வேலையில் இருப்பவருக்கு இக்னோவோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ போதும். ஆனால் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாக முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பட்டம் மாநில அரசு வேலைக்கு உதவாது.

‘ஒருங்கிணைந்த ஐ.ஏ.எஸ். பயிற்சி’ என்று பட்டத்தோடு சேர்த்துப் பெருந்தொகை கேட்கும் கல்லூரிகளை நான் பட்டியலின் கடைசியில் வைப்பேன். சென்னை கிரீன்வேஸ் சாலையில் மாநில அரசே நுழைவுத் தேர்வு வைத்து இலவசப் பயிற்சி தருகிறது. மாநில அரசின் நான் முதல்வன் திட்டம், தேர்ந்தெடுத்தவர்களுக்கு முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் கொடுக்கிறது. இரண்டுக்கும் பட்டம் முடித்த பிறகு முயன்றால் போதும், எந்தக் கல்லூரியில் படித்தவரானாலும்.